விவியன் தாமஸ் பெயரால் ஓர் உதவித்தொகை

என் தங்கை பிறந்த சில வாரங்களில் அவளுடைய உதடுகளும் நகக்கண்களும் நீலம் பாரிக்கத் தொடங்கின. பால் குடிக்கும்போது மூச்சிரைத்து, பாதியில் விட்டுவிட்டு அழுவாள். அழ அழ நீலம் கூடும். சென்னையில் ஒரு மருத்துவர் அவளைப் பரிசோதித்துவிட்டு, நாட்காட்டியிலிருந்து கிழித்த ஒரு தாளின் பின்புறத்தில் இதயத்தை வரைந்து அப்பாவுக்கு விளக்கினார். இரண்டு கீழறைகளுக்கும் நடுவே ஒரு துளை. நுரையீரலுக்கு இரத்தம் போகிற வழியில் ஓர் இறுக்கம். பெருந்தமனி சற்று இடம் மாறி அந்தத் துளையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இவற்றால் வலது கீழறையின் சுவர் தடித்துப்போயிருக்கிறது. முழுமையான அறுவை சிகிச்சையைக் குழந்தை சற்று வளர்ந்த பின்புதான் செய்ய முடியும், அதுவரை உயிரைத் தாக்குப்பிடிக்க வைக்க ஒரு சிறிய இணைப்பு போடலாம் என்றார். படத்தின் கீழே ஆங்கிலத்தில் ‘பி.டி. ஷண்ட்’ என்று எழுதி அடிக்கோடிட்டார். அந்தத் தாளை அப்பா தம் இரும்புப் பெட்டியில், வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருந்தார்.

பி என்பது பிளலாக், டி என்பது டாசிக் என்று கல்லூரி நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆல்ஃபிரட் பிளலாக் அறுவை மருத்துவர். ஹெலன் டாசிக் குழந்தைகளின் இதய நோய்களுக்கான மருத்துவர். இருவரும் அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றியவர்கள். விவியன் தாமஸ் என்ற மூன்றாவது பெயரை நான் அறிந்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, மருத்துவக் கல்விக்கான உதவித்தொகைகளைப் பற்றித் தேடிக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான். மருத்துவ அறிவியல் பயிலும் கறுப்பின மாணவர்களுக்காக 1993ஆம் ஆண்டு, அமெரிக்க நாடாளுமன்றத்தின் கறுப்பின உறுப்பினர்களோடு தொடர்புடைய அறக்கட்டளை, ஒரு மருந்து நிறுவனத்தின் நிதியோடு, அவர் பெயரில் ஓர் உதவித்தொகையை நிறுவியிருந்தது. இதய அறுவை சிகிச்சையின் முன்னோடி ஒருவரின் நினைவாக வழங்கப்படுவது என்பதைப் படித்ததும், அவர் எந்த மருத்துவக் கல்லூரியில் பயின்றார் என்று தேடினேன். அவர் எந்த மருத்துவக் கல்லூரியிலும் பயிலவில்லை. பணம் இல்லாததால் படிக்க முடியாமற்போன ஒருவரின் பெயரைத்தான், பணம் இல்லாதவர்கள் படிப்பதற்காகத் தரும் தொகைக்கு வைத்திருக்கிறார்கள். அன்று முதல் அந்த மனிதரின் வாழ்க்கையை, அதில் பணம் வந்துபோன நாட்களைக் கணக்கில் வைத்து, பல முறை படித்திருக்கிறேன்.

தாமஸ் 1910ஆம் ஆண்டு லூசியானா மாநிலத்தில் பிறந்து, டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் வளர்ந்தவர். தந்தை தச்சர், மகனும் பள்ளி நாட்களிலேயே இழைப்புளியும் உளியும் பிடிக்கப் பழகினார். மருத்துவராக வேண்டும் என்ற எண்ணத்தில் தச்சு வேலையில் கிடைத்த கூலியைக் கல்லூரிச் செலவுக்காகச் சேமித்து வந்தார். 1929இன் பங்குச்சந்தை வீழ்ச்சியைத் தொடர்ந்து தச்சு வேலை இல்லாமற்போனது. கல்லூரியை ஓராண்டு தள்ளிவைக்கலாம் என்ற கணக்கில், 1930 பிப்ரவரியில், நண்பர் ஒருவர் சொன்னதன் பேரில், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பிளலாக்கின் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். வாரம் 12 டாலர் கூலி. சேர்ந்து ஒன்பது மாதங்களில் அவருடைய சேமிப்பு இருந்த வங்கி திவாலாகி, கல்லூரிக்கென்று வைத்திருந்த பணம் மொத்தமும் போயிற்று.

இவ்விடத்தில் பெரும்பாலானோர் இனவெறி மீது முழுப் பழியையும் போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். இனவெறி இருந்தது, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஆனால் நாஷ்வில் நகரிலேயே, தாமஸ் வளர்ந்த ஊரிலேயே, கறுப்பின மாணவர்களுக்காகவே நடத்தப்பட்ட மெஹாரி மருத்துவக் கல்லூரி இருந்தது. அவருடைய தோலின் நிறத்துக்காக அந்தக் கல்லூரி அவரைத் திருப்பி அனுப்பியிருக்காது. அங்கே நுழைய வேண்டுமானால் முதலில் கல்லூரிப் படிப்பை முடித்திருக்க வேண்டும். பிறகு மருத்துவப் படிப்பின் ஆண்டுகளைக் கூலி இல்லாமல் கடக்க வேண்டும். வங்கி மூழ்கிய நாளில் முதற்படியே இல்லாமற்போனது. அந்த ஆண்டு ஒருவர் முன்வந்து சில நூறு டாலர்களைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படிக் கொடுக்கிற ஏற்பாடு எதுவும் அவர் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

மெஹாரி போன்ற கல்லூரிகள் ஏன் அவ்வளவு குறைவாக இருந்தன என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. தாமஸ் பிறந்த அதே 1910இல், ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் என்ற கல்வியாளர், அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த மருத்துவப் பள்ளிகளையெல்லாம் பார்வையிட்டு ஓர் அறிக்கை வெளியிட்டார். தரமற்ற பள்ளிகளை மூட வேண்டும் என்பது அதன் சாரம். பல பள்ளிகள் உண்மையிலேயே தரமற்றவைதாம். கறுப்பினத்தவருக்கென இருந்த ஏழு பள்ளிகளில் மெஹாரி, வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் ஆகிய இரண்டை மட்டுமே காப்பாற்றத் தகுந்தவை என்று அவர் எழுதினார். 1923க்குள் மற்ற ஐந்தும் மூடப்பட்டுவிட்டன. ஃபிளெக்ஸ்னர் தம் அறிக்கைக்கு அளவுகோலாக எடுத்துக்கொண்டது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியை. தாமஸ் பின்னாளில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த இடமும் அதுவே.

அந்தப் பள்ளி தொடங்கிய கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதுவும் பணத்தின் கதைதான். பல்கலைக்கழகத்திடம் மருத்துவப் பள்ளியைத் திறக்கப் பணம் போதவில்லை. மேரி எலிசபெத் காரெட் என்ற செல்வந்தப் பெண்மணியும் அவருடைய தோழியரும் ஐந்து இலட்சம் டாலர் நிதியைத் திரட்டித் தந்தார்கள். அதில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட தொகை காரெட் தம் கையிலிருந்தே கொடுத்தது. ஆனால் சும்மா கொடுக்கவில்லை. ஆண்களைச் சேர்த்துக்கொள்ளும் அதே விதிகளின்படி பெண்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. பல்கலைக்கழகத்தார் மனமுவந்து ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. பணம் வேண்டியிருந்தது, ஒப்புக்கொண்டார்கள். 1893இல் பள்ளி திறந்தபோது முதல் வகுப்பின் 18 பேரில் மூவர் பெண்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, ஹார்வர்டு பெண்களுக்கு மருத்துவப் பட்டம் தர மறுத்துக்கொண்டிருந்த காலத்தில், ஹெலன் டாசிக் இந்த வாசல் வழியாகத்தான் நுழைந்து 1927இல் பட்டம் பெற்றார். என் தங்கையின் மார்பில் போட்ட இணைப்பின் பெயரில் ‘டி’ என்ற எழுத்து இருப்பதற்கு, 1892இல் ஒரு பெண்மணி தம் நன்கொடைக் கடிதத்தில் எழுதிய நிபந்தனையும் ஒரு காரணம்.

ஆனால் காரெட் இன்னொரு நிபந்தனையும் விதித்திருந்தார். மருத்துவப் பள்ளியில் சேர்பவர்கள் முன்னரே ஒரு பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்பது அது. கல்வித் தரம் தாழாமல் இருப்பதற்கான நல்ல நோக்கம். ஃபிளெக்ஸ்னருக்கு மிகவும் பிடித்த விதியும் அதுதான். கல்லூரிக் கல்வி என்ற இந்த முன்தகுதி நாடு முழுவதும் பரவியபோது, மருத்துவராக விரும்பும் ஏழை ஒருவர் சம்பாதிக்காமல் கழிக்க வேண்டிய ஆண்டுகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. டாசிக்குக்கு வழிவிட்ட அதே நன்கொடை, தாமஸ் போன்றவர்களுக்குப் படிக்கட்டின் உயரத்தைக் கூட்டியது. இதற்காகக் காரெட்டைக் குறை சொல்வது நியாயமாகாது. ஆனால் கல்வி நிதிகளின் விதிகளை எழுத உட்காருகிறவர்கள், தாங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் யாரை உள்ளே விடும் என்பதோடு யாரை வெளியே நிறுத்தும் என்பதையும் ஒரு நிமிடம் யோசிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தாமஸ் வாண்டர்பில்ட்டில் ஆய்வாளர் ஒருவருக்குரிய வேலையைச் செய்துகொண்டிருந்தார். சம்பளப் பதிவேட்டில் துப்புரவுப் பணியாளர் என்றே அவரைக் குறித்திருந்தார்கள். நாய்களுக்கு மயக்க மருந்து கொடுப்பது, இரத்தக்குழாய்களைத் தைப்பது, இரத்த அழுத்தத்தைப் பதிவு செய்வது எல்லாவற்றையும் சில வாரங்களிலேயே கற்றுக்கொண்டார். பெரும் காயங்களுக்குப் பின் ஏற்படும் அதிர்ச்சி நிலைக்கு இரத்தமும் திரவமும் உடலிலிருந்து வெளியேறுவதே காரணம் என்று அந்த ஆய்வகம் நிறுவியது. இரண்டாம் உலகப் போரில் காயமடைந்த ஏராளமானோரின் உயிரை அந்த அறிவு காப்பாற்றியது. 1938இல் நுரையீரலின் இரத்த அழுத்தத்தைச் செயற்கையாக உயர்த்திப் பார்க்கும் நோக்கத்தில், கைக்குச் செல்லும் தமனியை எடுத்து நுரையீரல் தமனியோடு இணைத்தார்கள். அழுத்தம் எதிர்பார்த்தபடி உயரவில்லை. சோதனை தோல்வி என்று ஓரமாக வைத்துவிட்டார்கள். சில ஆண்டுகளில் அந்தத் தோல்விதான் கைகொடுத்தது.

1941இல் பிளலாக் ஹாப்கின்ஸின் அறுவை சிகிச்சைத் துறைத் தலைவராக அழைக்கப்பட்டபோது, தாமஸையும் தம்மோடு அழைத்துவந்தே தீருவேன் என்றார். அங்கே கறுப்பினத்தவர் துப்புரவுப் பணிகளில்தான் இருந்தார்கள். வெள்ளை ஆய்வக அங்கியோடு தாமஸ் நடைக்கூடத்தில் நடந்தபோது மக்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். நீலக் குழந்தைகளின் நுரையீரலுக்குக் கூடுதல் இரத்தத்தைக் கொண்டுசெல்ல ஏதேனும் குழாய்வழி அமைக்க முடியுமா என்று 1943இல் டாசிக் கேட்டபோது, பழைய 1938 இணைப்பு நினைவுக்கு வந்தது. முதலில் நாய்களில் அந்த நோயைப் போன்றதொரு நிலையை உண்டாக்க வேண்டும். பிறகு அதைச் சரிசெய்ய வேண்டும். ஏறத்தாழ 200 நாய்களில், ஈராண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் இந்த வேலை நடந்தது. பெரும்பகுதியைச் செய்தவர் தாமஸ். நெடுநாள் உயிரோடிருந்த முதல் நாயான அன்னாவின் ஓவியம் ஹாப்கின்ஸின் சுவரில் மாட்டப்பட்டது. தாமஸின் ஓவியம் அங்கே ஏறுவதற்கு இன்னும் நெடுங்காலம் இருந்தது.

1944 நவம்பர் 29ஆம் நாள், ஐலீன் சாக்சன் என்ற பதினைந்து மாதக் குழந்தைக்கு அந்த அறுவை சிகிச்சை நடந்தது. குழந்தையின் எடை நான்கு கிலோவை ஒட்டித்தான் இருந்தது. பிளலாக் இந்த இணைப்பை அதற்கு முன் ஒரே ஒரு முறை, அதுவும் ஒரு நாயில், தாமஸ் செய்துகொண்டிருந்தபோது உடனிருந்து உதவியவராகச் செய்திருந்தார். ஆகவே தாமஸைத் தம் பின்னால் ஒரு முக்காலியின் மேல் நிற்கச் சொன்னார். தாமஸ் அவருடைய தோளுக்கு மேலாகப் பார்த்தபடி, ஊசி எந்தப் பக்கமிருந்து நுழைய வேண்டும், தையல்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவ்வளவு சிறிய குழாய்களுக்கேற்ற கருவிகள் அப்போது மருத்துவமனையில் இல்லை. ஆய்வகத்தில் நாய்களுக்காகத் தாமஸ் வெட்டியும் தேய்த்தும் சீர்செய்து வைத்திருந்தவை பயன்பட்டன. அந்தத் திருத்தத்துக்குத் தச்சுப் பட்டறையில் பழகிய கை உதவியிருக்கும் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். ஐலீன் அன்று பிழைத்தாள். ஆனால் சில மாதங்களில் நீலம் மீண்டும் கூடி, இரண்டாவது அறுவை சிகிச்சையும் பலன் தராமல் இறந்தாள். மூன்றாவதாக வந்த ஆறு வயதுச் சிறுவனின் உதடுகள் மேசையின் மேலேயே இளஞ்சிவப்பாக மாறின. முதல் மூன்று நோயாளிகளைப் பற்றிய கட்டுரை 1945 மே மாதம் வெளிவந்தது. ஆசிரியர்களாக பிளலாக், டாசிக் ஆகிய இரு பெயர்கள் இருந்தன.

உலகெங்குமிருந்து பெற்றோர் நீலக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பால்டிமோருக்கு வரத் தொடங்கினார்கள். பயிற்சி மருத்துவர்கள் தாமஸின் ஆய்வகத்துக்குச் சென்று தையல் போடக் கற்றுக்கொண்டார்கள். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற இதய அறுவை மருத்துவர் டென்டன் கூலி அவர்களில் ஒருவர். அந்தக் காலத்தில் தாமஸ், வீட்டுச் செலவுக்குப் போதாமல், பிளலாக் தம் வீட்டில் அளித்த விருந்துகளில் மது ஊற்றிக்கொடுக்கும் வேலையையும் செய்தார். பகலில் அவரிடம் கற்றவர்கள் மாலையில் அவர் கையிலிருந்து கோப்பையை வாங்கினார்கள்.

அவருடைய வாழ்க்கையில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் இதற்குச் சற்றுப் பிறகு வருகிறது. 1940களின் பிற்பகுதியில் அவருடைய சம்பளம் உயர்ந்திருந்தது. குடும்பம் ஓரளவு நிலைகொண்டிருந்தது. விட்டுப்போன படிப்பைத் தொடரலாம் என்று, பால்டிமோரிலேயே இருந்த, கறுப்பின மாணவர்கள் பயிலும் மார்கன் கல்லூரியில் விசாரித்தார். ஆய்வகத்தில் கழித்த ஆண்டுகளுக்கு எந்த மதிப்பும் தர இயலாது, முதலாம் ஆண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று தெரிந்தது. உட்கார்ந்து கணக்குப் போட்டார். கல்லூரி, மருத்துவப் பள்ளி, பயிற்சி எல்லாம் முடியும்போது ஐம்பது வயதாகியிருக்கும். மனைவியும் இரண்டு பெண்களும் இருந்தார்கள். அந்த எண்ணத்தை அத்தோடு கைவிட்டார். 1930இல் அவரிடம் ஆண்டுகள் இருந்தன, பணம் இல்லை. இப்போது பணம் ஓரளவுக்கேனும் இருந்தது, ஆண்டுகள் இல்லை.

நானும் ஒரு சிறிய கல்வி அறக்கட்டளையின் தேர்வுக் குழுவில் சில காலம் இருந்திருக்கிறேன். விண்ணப்பங்களை மதிப்பெண் வரிசையில் அடுக்கி, மேலிருந்து மூன்றை எடுத்து, ஆண்டு விழா மேடையில் காசோலை வழங்குவோம். விழா எப்போதும் ஜனவரியில். கல்லூரியில் சேரக் கட்டணம் கட்ட வேண்டியது அதற்குச் சில மாதங்கள் முன்னால். நாங்கள் கொடுத்த பணமெல்லாம், எப்படியோ ஒருவழியாகக் கட்டணத்தைக் கட்டிவிட்டவர்களுக்கே போய்ச் சேர்ந்தது. கட்ட முடியாமல் நின்றுவிட்டவர்கள் எங்களுக்கு விண்ணப்பமே போட்டிருக்க மாட்டார்கள். தாமஸின் கணக்கைப் படிக்கும்வரை எனக்கு இது உறைக்கவில்லை என்பதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். விழாவின் தேதியை மாற்றலாம் என்று அடுத்த கூட்டத்தில் சொன்னேன். மண்டபம் கிடைக்காது என்றார்கள். பிறகு, விழாவை விட்டுவிட்டு, பணத்தை மட்டும் முன்னதாகக் கொடுக்கலாம் என்று முடிவாயிற்று.

தாமஸுக்கு மரியாதைகள் தாமதமாக வந்தன. பிளலாக் 1964இல் இறந்த பிறகும் அவர் ஹாப்கின்ஸில் பதினைந்து ஆண்டுகள் பணியாற்றினார். அவரிடம் கற்ற அறுவை மருத்துவர்கள் ஒன்றுகூடி, 1971இல் அவருடைய ஓவியத்தை வரையச் செய்து பல்கலைக்கழகத்துக்கு அளித்தார்கள். 1976இல் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் வழங்கியது. ஆனால் மருத்துவத்துக்கு அல்ல, சட்டத்துக்கான கௌரவப் பட்டம். வாழ்நாள் முழுவதும் சட்டப் புத்தகம் தொடாத ஒருவருக்குச் சட்ட முனைவர் பட்டம் கொடுத்ததில் உள்ள வேடிக்கையை அவரும் கவனித்திருப்பார். எப்படியோ, அதன்பிறகு மாணவர்கள் அவரை ‘டாக்டர்’ என்று அழைக்க முடிந்தது. அறுவை சிகிச்சைத் துறையில் ஆசிரியர் பொறுப்பும் கிடைத்தது. 1979இல் ஓய்வு பெற்றார். 1985 நவம்பர் 26ஆம் நாள் இறந்தார். அவர் எழுதிய தன்வரலாறு அதற்குச் சில நாட்கள் கழித்து அச்சாகி வந்தது.

அவரை அறுவை மருத்துவர் என்று சொல்லலாமா என்று சிலர் கேட்கிறார்கள். உயிருள்ள ஒரு மனிதரின் உடலில் அவர் கத்தி வைத்ததில்லை. ஆனால் அந்தக் கத்தியைப் பிடிக்க ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தார். அவர் கற்பித்துக்கொண்டிருந்த மருத்துவப் பள்ளி 1963இல்தான் முதன்முதலாகக் கறுப்பின மாணவர்களைச் சேர்த்தது. அதற்குள் அவர் அங்கே வந்து 22 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரைத் துப்புரவுப் பணியாளராகப் பதிவு செய்த வாண்டர்பில்ட், தன் மருத்துவப் பள்ளியில் முதல் கறுப்பின மாணவராக 1966இல் லீவை வாட்கின்ஸ் என்பவரைச் சேர்த்தது. வாட்கின்ஸ் பின்னர் ஹாப்கின்ஸுக்கு வந்து தாமஸோடு பழகினார். இதயத் துடிப்பு தாறுமாறாகும்போது மின்னதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும், மனித உடலுக்குள் பொருத்தும் தானியங்கி டிஃபிபிரிலேட்டர் என்ற கருவியை 1980இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தியவர் அவர்தான். மருத்துவப் பள்ளியின் சேர்க்கைக் குழுவில் அமர்ந்து, கறுப்பின மாணவர்களை நாடிச் சென்று அழைத்து வரும் வேலையையும் அவர் பல ஆண்டுகள் செய்தார். தாமஸின் குடும்பத்தில் அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ஒருவரும் ஹாப்கின்ஸில் மருத்துவம் படித்து முடித்தார்; தாமஸிடம் கற்றவர்களில் சிலர் அவருக்கு ஆசிரியர்களாக இருந்தார்கள்.

இன்று ஹாப்கின்ஸில் மருத்துவ மாணவர்களைப் பிரித்துச் சேர்க்கும் நான்கு குழுக்களில் ஒன்றுக்குத் தாமஸின் பெயர். இன்னொன்றுக்கு டாசிக்கின் பெயர். அறிவியலிலும் பொறியியலிலும் முனைவர் ஆய்வு செய்ய வரும் மாணவர்களுக்காக, 2021இல், 15 கோடி டாலர் நன்கொடையோடு தாமஸ் பெயரிலேயே இன்னொரு திட்டம் தொடங்கியது. 2024இல் வந்த 100 கோடி டாலர் நன்கொடையால், ஆண்டுக்கு மூன்று இலட்சம் டாலருக்குக் குறைவான வருமானமுள்ள குடும்பத்திலிருந்து வரும் மருத்துவ மாணவர்களுக்குப் படிப்புக் கட்டணமே இல்லை. ஒன்றே முக்கால் இலட்சத்துக்குக் குறைவென்றால் தங்கவும் உண்ணவும் ஆகும் செலவையும் பள்ளியே ஏற்கிறது. இந்த இரண்டாவது பகுதியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். தாமஸைத் தடுத்தது கல்லூரிக் கட்டணம் மட்டுமல்ல. படிக்கும் ஆண்டுகளில் சாப்பிடவும் வேண்டியிருக்கிறது.

என் தங்கைக்கு எட்டாவது மாதத்தில் இணைப்பு போட்டார்கள். ஐந்தாவது வயதில் முழு அறுவை சிகிச்சை நடந்தது. ஆண்டுக்கொரு முறை எக்கோ பரிசோதனைக்குப் போய்வருகிறாள். சென்ற முறை பார்த்தவர் வயதில் இளைய மருத்துவர். அறிக்கையைப் படமெடுத்து எனக்கு அனுப்பிவிட்டு உடனே தொலைபேசியில் கூப்பிட்டாள். பழைய சிகிச்சைகளின் விவரத்தில் ‘பி.டி.டி. ஷண்ட்’ என்று இருந்தது. “அக்கா, ஒரு டி கூடுதலா அடிச்சிருக்காங்க. திருத்தித் தரச் சொல்லவா?” என்று கேட்டாள்.

வேண்டாம், அது சரியாகத்தான் இருக்கிறது என்றேன்.